மிஸ்ஸியும் சல்லிக்கல் பாதையும்

யாழ்ப்பாணத்துச் சங்கம் ஏதாவது ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நீங்கள் போயிருந்தால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். இறைவணக்கம் முடியும், தலைமையுரை முடியும், கடந்த கூட்டத்தின் அறிக்கையும் ஒருவாறு முடியும். பொருளாளர் கணக்கறிக்கையோடு எழும்பும் நேரம் பார்த்துத்தான் தட்டங்களில் தேநீரும் வடையும் வரும். சீனி போட்டதா போடாததா என்ற விசாரணை மண்டபம் முழுக்க நடந்துகொண்டிருக்க, அறிக்கை வாசித்து முடிந்துவிடும். ஒருவர் முன்மொழிவார். வடையை விழுங்கியபடியே இன்னொருவர் வழிமொழிவார். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. மாற்ற வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

மிஸ்ஸிக்குத் தோன்றியது. எங்கள் சங்கத்துக்குத் தலைவியாகத் தெரிவான பிறகு வந்த முதற் பொதுக்கூட்டத்தில், இறைவணக்கத்துக்கும் முன்னால் எழும்பி நின்று சொன்னார்.

"தேத்தண்ணியை இப்பவே குடுங்கோ. எல்லாரும் ஆறுதலாக் குடிச்சு முடியுங்கோ. பேந்து தொடங்குவம். வாய்க்குள்ளை வடையோடை ஒருதரும் இஞ்சை கை தூக்கக் கூடாது."

எங்கள் பொருளாளர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், தன் வாழ்நாளில் முதன்முறையாக அன்றுதான் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வியர்த்துக் கொட்டியது மனிதருக்கு. பிழை ஒன்றுமில்லை, பாவம், பழக்கமில்லை.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வுபெற்று எத்தனை காலம் ஆனாலும் அந்தப் பெயர் அவர்களை விட்டுப் போவதில்லை. இவருக்கும் ஒரு பெயர் இருந்தது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் வேறு யாரோ வந்து நிற்பது போல இருக்கிறது. கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். கட்டையான உருவம், வார்டின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைக்குப் பேசிப் பழகிய குரல். ஸ்கூட்டியில் வருவார். தலைக்கவசத்தைக் கழற்றி மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். அது இருக்கும்வரை அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் எனக்குத் தெரியாது. நகர்த்தி வைக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

நான் செயலாளரானது என் திறமையால் அல்ல. பஸ் நிலையத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே ஒரு அறை சும்மா கிடந்தது, போட்டோக்கொப்பி மெசினும் இருந்தது. கூட்டம் வைக்க இடமும் அறிக்கை அடிக்க மெசினும் உள்ளவன் யாழ்ப்பாணத்தில் செயலாளராகாமல் தப்ப முடியாது. எங்களுடையது பார்வையற்றோருக்கான இல்லம். நகரத்தின் ஓரத்தில், ஒரு ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் இடத்தில், வீதியைப் பார்த்தபடி இருந்தது. பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள், நோய் வருத்தத்தால் இழந்தவர்கள், போர்க்காலச் செல்லடியில் இழந்தவர்கள் என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள். உள்ளூரிலும் வெளிநாட்டிலும் உதவி செய்பவர்கள் இருந்தார்கள். நிர்வாக சபை இருந்தது. விதிகள் எழுதிய யாப்பு இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, மிஸ்ஸி வந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்வரை.

"அவையைக் கேட்டனீங்களோ?"

இதுதான் கேள்வி; அவை என்றால் எங்கள் பேச்சில் அவர்கள், இல்லத்தில் இருப்பவர்கள். எதற்கும் இதுதான். இல்லத்துக்குப் பெயின்ற் அடிப்பதற்கு ஒருவர் உதவ முன்வந்தபோது, இளநீலமா பாலாடை நிறமா என்று என் மேல்மாடியில் நெடுநேரம் வாதாடினோம். பொருளாளர் நீலம், நான் பாலாடை. மிஸ்ஸி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவையைக் கேட்டனீங்களோ?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். கண் தெரியாதவர்களிடம் போய் நிறம் கேட்பதா என்று பொருளாளர் பகிடியும் விட்டார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னால் நாங்களும் போக வேண்டியதாயிற்று.

அங்கே பதில் சொன்னவர் யோகமக்கா. இல்லத்தில் அதிக காலம் இருப்பவர் அவர்தான், வாயும் அவருக்குத்தான் கூட. "நிறம் உங்கடை விருப்பம்," என்றார். "ஆனால் விறாந்தைச் சுவரிலை, கை போற உயரத்துக்கு, சாப்பாட்டறை வாசல் வரைக்கும் ஒரு பட்டை சொரசொரப்பா விடுங்கோ. மழுக்கெண்டு அடிச்சுப் போட்டீங்களெண்டால் நாங்கள் குசினிக்கும் கக்கூசுக்கும் வித்தியாசம் தெரியாமல் நிப்பம்."

அந்தப் பட்டை இன்றைக்கும் இருக்கிறது. சுவரின் நிறம் என்னவென்று கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு தடவை ஆண்டறிக்கை அச்சடித்தோம். வழுவழுப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். வெளிநாட்டுக் கிளைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. மிஸ்ஸி புரட்டிப் பார்த்தார். "நல்ல வடிவாயிருக்குது தம்பி. ஆரைப் பற்றி எழுதினதோ அவை மட்டும் இதை வாசிக்கேலாது, என்ன?" என்றார். அடுத்த கிழமையே சாப்பாட்டறையில் எல்லாரையும் இருத்தி, அறிக்கையை என்னை வாசிக்க வைத்தார். 'இல்லத்தவர்கள் வீட்டுத்தோட்டத்தில் மகிழ்ச்சியுடன் ஈடுபடுகின்றனர்' என்ற இடம் வந்ததும் யோகமக்கா குறுக்கிட்டார்.

"ஆர் அந்த மகிழ்ச்சியான ஆள்? எனக்கும் அறிமுகப்படுத்துங்கோவன்."

சாப்பாட்டறையே சிரித்தது. வெண்டிக்காய்ச் சுணை கையெல்லாம் கடிக்கிறது என்று ஒருவர், தண்ணீர் வாளி பாரம் என்று இன்னொருவர். 'மகிழ்ச்சியுடன்' என்ற சொல்லை வெட்டினோம். அதன்பிறகு எந்த அறிக்கையும் முதலில் அந்த அறையில் வாசித்துத்தான் வெளியே போகும் என்று வழக்கமாகிவிட்டது. வாசிக்கும் வேலையை மிஸ்ஸி தானே எடுத்துக்கொண்டார். என் வாசிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, கோயிற் பஞ்சாங்கம் வாசிப்பது மாதிரி இருக்கிறதாம்.

அவரோடு வேலை செய்வது சுகமான காரியமென்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் கடையின் பின்பக்கத்தால் மெல்ல நழுவலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அரை மணித்தியாலத்தில் முடியும் அலுவல் அவரிடம் போனால் அரை மாதமாகும். 'உந்த மனிசி எங்களை வேலை செய்ய விடாது' என்று பொருளாளர் என் காதுக்குள் முணுமுணுப்பார். எங்கள் பழைய யாப்பில் இல்லத்தில் இருப்பவர்கள் 'பயனாளிகள்'. சந்தா கட்டும் வெளியாட்கள் நாங்கள்தான் அங்கத்தவர்கள். வாக்கும் எங்களுக்குத்தான். அதை மாற்ற வேண்டுமென்று மிஸ்ஸி ஒற்றைக்காலில் நின்றார்.

"இல்லத்தைப் பற்றி எல்லா முடிவும் எடுக்கிற நாங்கள் பின்னேரம் எங்கடை வீட்டை போயிடுறம். அந்த முடிவோடை இராத்திரி படுக்கிறது அவை. அவைக்கு வாக்கில்லையெண்டால் இது என்ன சங்கம்?"

பொருளாளர் ஒரு நியாயமான தடையைப் போட்டார். "மிஸ்ஸி, கை தூக்கித்தானே வாக்கெடுக்கிறது. எத்தினை கை தூக்கினது எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள் சொல்லுறதைத்தானே நம்பவேணும்?"

மிஸ்ஸி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். வழக்கம்போலப் போய்க் கேட்டார். வழி சொன்னது யோகமக்காதான். இல்லத்தின் படலையிலிருந்து, அதுதான் வீதியோர வாசற்கதவிலிருந்து, விறாந்தைவரை பழைய சல்லிக்கல் பாதை ஒன்று இருந்தது. ஆளுக்கொரு கல் பொறுக்கிக்கொள்வது. ஓம் என்றால் மண்முட்டிக்குள் போடுவது, இல்லை என்றால் தகரப் பேணிக்குள் போடுவது. முட்டிச் சத்தம் வேறு, தகரச் சத்தம் வேறு. "நீங்கள் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. நாங்களே எண்ணுவம்," என்றார் யோகமக்கா. யாப்பு திருத்தப்பட்டது. அதன்பிறகு எங்கள் கூட்டங்களில் கண் தெரிந்தவர்களும் கல்தான் போட்டோம்.

அந்தச் சல்லிக்கல் பாதையில்தான் மிஸ்ஸிக்கு அடி சறுக்கியது.

ஒரு மாரியில் பாதை குண்டும் குழியுமாகித் தண்ணீர் தேங்கியது. இரண்டொருவர் தடக்கி விழுந்து முழங்காலை உரசிக்கொண்டார்கள். காயத்தைக் கண்டால் மிஸ்ஸிக்குள் இருந்த தாதி முந்திக்கொண்டு வந்துவிடுவார், தலைவி பின்னுக்குப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருந்து வந்த ஒருவர் பாதைக்கு இன்ரலொக் கல் பதித்துத் தருகிறேன் என்றார். மிஸ்ஸி அந்த இடத்திலேயே ஓம் என்றார். இல்லத்தவர்கள் எல்லாரையும் கீரிமலைக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகும் நாளில் வேலையை முடிப்பதாகவும், திரும்பி வரும்போது அவர்களுக்கு அது ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றும் ஏற்பாடு. சல்லிக்கல்லை அள்ளிக் கிணற்றுப் பக்கம் குவித்துவிட்டு, விறாந்தையிலிருந்து வீதியின் விளிம்புவரை ஒரே மட்டமாகக் கல் பதித்தார்கள். படலையடியில் இருந்த சிறு மேட்டையும் வெட்டி எடுத்தாயிற்று. அவ்வளவு நேர்த்தியான வேலை.

அன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆளே ஓம் சொன்ன பிறகு வேறு யாருக்குக் கேட்கத் தோன்றும்?

பஸ்ஸால் இறங்கியவர்கள் காலால் தடவிப் பார்த்தார்கள். "நல்ல மழுக்கெண்டு இருக்குது மிஸ்ஸி," என்று இரண்டு பேர் சொன்னார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ்ஸிக்கு முகமெல்லாம் சந்தோசம்.

சில நாட்கள் கழித்து, மரக்கறி வான் வந்துபோனபின் படலை திறந்து கிடந்தது. யோகமக்கா வழக்கம்போலக் காற்று வாங்கப் படலையடிக்கு நடந்தார். காலின் கீழ்ச் சல்லிக்கல் நறுநறுத்துக்கொண்டிருக்கும்வரை வளவுக்குள் நிற்கிறோம், சத்தம் நின்று மேடு தட்டினால் படலை என்பதுதான் அத்தனை வருடமும் அவர்கள் எல்லாரும் வைத்திருந்த கணக்கு. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மட்டமான கல்லில் நடந்து நடந்து அவர் வீதிக்கே போய்விட்டார். மோட்டார் சைக்கிள் ஒன்று அடித்து இடுப்பெலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியோடு நானும் நின்றேன். மயக்கம் தெளிந்து யோகமக்கா முதலில் கேட்டது நோவைப் பற்றி அல்ல.

"படலை எங்கை மிஸ்ஸி? நான் இன்னும் உள்ளுக்குத்தானே நடந்தனான்?"

மிஸ்ஸி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருடம் அதே ஆஸ்பத்திரியில் மற்றவர்களைத் தேற்றிய கை அது. பிறகுதான் கேட்டார், கல் மாறியது பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று.

"நீங்கள் ஆசையாச் செய்தனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?" என்றார் யோகமக்கா.

வடை மட்டுமல்ல, அன்பும் வாயை அடைக்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் மேல்மாடியில் நிர்வாக சபை கூடியது. 'வீதி விபத்தொன்றில் காயமடைந்தார்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு விடலாம் என்றார் பொருளாளர். கனடாக்காரர் மனம் நோவார், பத்திரிகைக்காரர் வருவார்கள், இல்லத்தின் பெயர் கெடும் என்று காரணங்களும் அடுக்கினார். கடைசியில், தேற்றுகிற எண்ணத்தோடுதான், "யானைக்கும் அடி சறுக்கும் மிஸ்ஸி," என்றார்.

"யானைக்குச் சறுக்கினால் யானைக்குத்தான் நோகவேணும் சேர். இஞ்சை நொந்தது யோகத்துக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பூசி மெழுகாதை. நான் புண்ணைக் கழுவிப்போட்டு மருந்து கட்டினவள். எழுது. தலைவி இல்லத்தவர்களைக் கேளாமல் பாதையை மாற்றினார், அதனால் ஒருவர் காயப்பட்டார். அப்பிடியே எழுது."

எழுதினேன்.  ஒரு சொல் மாற்றாமல்.

யோகமக்கா சக்கர நாற்காலியில் திரும்பி வந்ததும் சாப்பாட்டறையில் விசேட பொதுக்கூட்டம் நடந்தது. மிஸ்ஸி அந்த வரியைத் தானே வாசித்தார், குரல் நடுங்காமல். பிறகு, "நான் தலைமைப் பதவியை விடுறன். வேறை ஆளைத் தெரியுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைக் கையில் எடுத்தார்.  நான் எழும்பி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். யோகமக்கா முந்திவிட்டார்.

"இருங்கோ மிஸ்ஸி. நீங்கள் போறதெண்டு முடிவெடுத்தது ஆர்?"

"நான்தான்."

"அதுவும் எங்களைக் கேளாமல்தானே?"

மிஸ்ஸி திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். தலைக்கவசம் மடியில் இருந்தது. வாக்கெடுக்க வேண்டுமென்றார்கள். பாதையில் சல்லிக்கல் இல்லாததால் கிணற்றுப் பக்கக் குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளி வந்தோம். மிஸ்ஸி தலைவியாகத் தொடரலாம் என்றால் முட்டி, விலக வேண்டும் என்றால் தகரம். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். எல்லாக் கல்லும் முட்டிக்குள்தான் போகும் என்று எங்களுக்கு நிச்சயம். முதலிரண்டு கல்லும் முட்டியில்தான் விழுந்தன. மூன்றாவது தகரத்தில் விழுந்தது. பிறகும் தகரம். பிறகும். ஒவ்வொரு 'டங்' என்ற சத்தத்துக்கும் பொருளாளர் தோளைக் குறுக்கினார். கடைசியாக யோகமக்காவின் நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போனேன். கையிலிருந்த கல்லைக் கொஞ்சநேரம் உருட்டியபடி இருந்தார். பிறகு அவரும் தகரத்தில் போட்டார்.

 எத்தனையென்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"கோவத்திலை போடேல்லை மிஸ்ஸி," என்றார் யோகமக்கா. குரல் உடைந்திருந்தது. "கேளாமல் செய்தால் ஆரெண்டாலும் இறங்கவேணும் எண்டு நீங்கள்தானே எங்களுக்கு வாக்கு வேண்டித் தந்தனீங்கள். உங்களுக்கெண்டு அதை வேறை மாதிரிப் போடேலாது."

அந்த நேரம் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தவர்கள் நானும் பொருளாளரும் இன்னும் சிலரும்தான். மற்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை என்பது எனக்கு இன்றைக்கும் கவலை. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த மனுஷி சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை முதலடி எடுத்து வைத்ததைக் கண்ட தாய்க்கு வருகிற சிரிப்பு. மேசைக்குப் பின்னாலிருந்த கதிரையை விட்டெழும்பி, நீள வாங்கில் இல்லத்தவர்களுக்கு நடுவே போய் இருந்தார். அங்கிருந்தே புதிய தலைவியாக யோகமக்காவை முன்மொழிந்தார். வழிமொழிந்தது பொருளாளர். வாயில் வடை இல்லை.

கூட்டம் முடிந்து மிஸ்ஸி புறப்பட்டார். எல்லாரும் படலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். மழுமழுப்பான கல்லில் அவருடைய செருப்பு ஒரு சத்தமும் போடவில்லை. அவர் போய் வெகு நேரத்துக்குப் பிறகும் யோகமக்கா தலையைச் சாய்த்தபடியே இருந்தார்.

"மிஸ்ஸி போயிட்டாவோ தம்பி?"

"ஓம் அக்கா. அப்பவே போயிட்டா."

"ஒண்டும் தெரியேல்லை," என்றார்.

புதிய நிர்வாகத்தின் முதல் தீர்மானம் சல்லிக்கல்லைத் திரும்பக் கொட்டுவது. கனடாக்காரருக்கு யோகமக்காவே தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். மனிதர் கோபிக்கவில்லை, படலையடி மேட்டுக்கும் தானே உதவினார். மிஸ்ஸி மாதாமாதம் வந்து அறிக்கை வாசித்தார், சாதாரண அங்கத்தவராக. ஸ்கூட்டியை வெளியே விட்டுவிட்டு நடந்து வருவார். சல்லிக்கல்லில் அந்தக் கட்டையான நடை கேட்டதும் சாப்பாட்டறையில் கதிரைகள் இழுபடும். தலைவியாக இருந்த காலத்தில்கூட அவருக்கு அப்படி ஒரு வரவேற்பு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

போன மாரியில் மிஸ்ஸி காலமானார். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தார்கள். வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு நேரே கொண்டுபோவதாக ஏற்பாடு. யோகமக்கா என்னைக் கூப்பிட்டார்.

"பெட்டியை இஞ்சை ஒருக்காக் கொண்டு வந்து, எங்கடை பாதையாலை நடந்து கொண்டுபோகச் சொல்லு. ஆனால் முதல் அந்தப் பிள்ளையளைக் கேள். அவைக்கு விருப்பமெண்டால்தான்."

கேட்டேன். மூத்த மகள் அழுதபடி தலையசைத்தார்.

இல்லத்தவர்கள் எல்லாரும் விறாந்தையில் வரிசையாக நின்றார்கள். வாகனத்திலிருந்து பெட்டியை இறக்கி, விறாந்தைவரை தூக்கி வந்து, சற்று நின்று, திரும்பிப் படலையை நோக்கி நடந்தோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். பாரம் தூக்கிய கால்களின் கீழ்ச் சல்லிக்கல் நொறுநொறுவென்று பெரிதாகக் கேட்டது. விறாந்தையில் ஒரு அசைவில்லை. மேட்டில் ஏறி இறங்கித் தார் வீதியில் கால் வைத்தோம். சத்தம் நின்றது.

பின்னால் யோகமக்கா மற்றவர்களுக்குச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மிஸ்ஸி படலை தாண்டிட்டா."